டிரம்ப் வக்கீலை மாற்றினார், எங்கள் மாமாவும் மாற்றப்போகிறார்: பலன் இருக்குமா?

கொட்டாம்பட்டி மருமகன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கோர்ட் விவகாரம் தெரிந்தவர்கள் ஒரு வழி சொல்லுங்கள்.

என் மாமனார் மேலூர்ப் பக்கம் ஒன்றியக் கவுன்சிலராக இருந்தவர். எந்தக் கட்சி என்பது இங்கே வேண்டாம். சொன்னால் பாதிப் பேர் அதற்குத்தான் பதில் எழுதுவீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊர்க் கண்மாயில் மராமத்து வேலை நடந்தது. மாமா திருவிழா மேடையில் மைக்கைப் பிடித்து, வேலை எடுத்த ஒப்பந்ததாரரின் பெயரைச் சொல்லி, "மடையைக் கட்டாமலேயே பில் போட்டுப் பணத்தை விழுங்கிவிட்டான்" என்று பேசிவிட்டார். யாரோ செல்போனில் பதிவு செய்தார்கள். அது வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகச் சுற்றியது. அந்த ஒப்பந்ததாரர் மான நஷ்ட வழக்குப் போட்டார். தீர்ப்பு வந்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. 15 லட்சம் ரூபாய், அதற்கு மேல் வட்டி, வழக்குச் செலவு எல்லாவற்றையும் மாமா கொடுக்க வேண்டும்.

வழக்கை நடத்தியவர் மாமாவோடு ஒரே பள்ளியில் படித்தவர். எங்கள் வீட்டுக் காதுகுத்துக்கு மொய் எழுதியவர். இப்போது அவர் பெயரைச் சொன்னாலே மாமா எரிந்து விழுகிறார். "டிரம்ப் மானநஷ்ட வழக்கில் தோற்றதும் முதலில் செய்தது என்ன? வக்கீலை மாற்றினார். நானும் மாற்றுகிறேன்" என்கிறார். ஹைகோர்ட் கிளையில் யாரையோ பார்த்தும் வைத்திருக்கிறார். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, மடை வேலை தொடர்பான சில காகிதங்களும் தீர்ப்புக்குப் பிறகு கைக்கு வந்திருக்கின்றன. புது வக்கீல் அதைக் கோர்ட்டில் வைத்தால் தீர்ப்பு தலைகீழாகிவிடும் என்று நம்புகிறார்.

பழைய வக்கீல் சம்மதிக்காவிட்டால் மாற்ற முடியுமா? மாற்றினால் பலன் இருக்குமா? மருமகன் என்பதால் நான் எதிர்த்துப் பேச முடியாது. ஆதாரத்தோடு யாராவது எழுதினால் அப்படியே படித்துக் காட்டுவேன்.

வாடிப்பட்டி வாசகன்

தேர்தலில் தோற்றால் மாவட்டச் செயலாளரை மாற்றுவார்கள், வழக்கில் தோற்றால் வக்கீலை மாற்றுவார்கள். பதவி போனாலும் உங்கள் மாமாவுக்குப் பழக்கம் போகவில்லை. கோபிக்க வேண்டாம் நண்பரே. மடை நிஜமாகவே கட்டப்பட்டதா, இல்லையா? அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே.

பழைய குமாஸ்தா

மருமகனுக்கு வணக்கம். மதுரையில் ஒரு சிவில் வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வக்கீல் அல்ல. ஆனால் வக்காலத்து, அதாவது வழக்கை நடத்த வக்கீலுக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம், கைமாறிய வழக்குக் கட்டுகளை நிறையப் பார்த்தவன். பழைய வக்கீலின் அலுவலகத்துக்குப் போய்க் கட்டை வாங்கி வரும் வேலை குமாஸ்தாவின் தலையில்தான் விழும். அன்றைக்கு அங்கே உட்காரக்கூடச் சொல்ல மாட்டார்கள்.

டிரம்ப் கதையை உங்கள் மாமா பாதிதான் படித்திருக்கிறார். மீதியை நான் சொல்கிறேன், படித்துக் காட்டுங்கள்.

வழக்குப் போட்டவர் ஈ. ஜீன் கேரல் என்ற எழுத்தாளர். 2023 மே 9 அன்று நியூயார்க் ஃபெடரல் கோர்ட்டில் ஜூரி, பாலியல் அத்துமீறலுக்கும் அவதூறுக்கும் டிரம்ப் பொறுப்பு என்று சொல்லி, 50 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. அத்தோடு அடங்கியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கலாம். மனிதர் மறுநாளே சி.என்.என். நிகழ்ச்சியில் உட்கார்ந்து அந்த அம்மாவை மறுபடியும் ஏசினார். கேரலின் வக்கீல்கள் சும்மா இருப்பார்களா? 2019 முதல் நிலுவையில் இருந்த இன்னொரு வழக்கில் அந்தப் பேச்சையும் சேர்த்தார்கள். 2024 ஜனவரி 26 அன்று அந்த வழக்கில் வந்த தீர்ப்பு 8 கோடியே 33 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 690 கோடி ரூபாய். இதில் ஆறரைக் கோடி டாலர் தண்டனையாக விதித்த தொகை; நஷ்டத்துக்கு ஈடாகக் கொடுத்தது மிச்சம்தான். ஒன்பது பேர் கொண்ட ஜூரி மூன்று மணி நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

இனி வக்கீல்கள். முதல் வழக்கை நடத்திய ஜோ டகோபினா, இரண்டாவது விசாரணை தொடங்கும் சமயத்தில் விலகிக்கொண்டார். இரண்டாவதை நடத்தியவர் அலினா ஹப்பா. நீதிபதி லூயிஸ் கப்லான் அவரைப் பார்த்து, இன்னும் பேசினால் லாக்கப்பில் உட்கார நேரிடும் என்று எச்சரிக்கும் அளவுக்குப் போயிற்று. எதிர்த் தரப்பு வக்கீல் தொகுப்புரை பேசிக்கொண்டிருக்கும்போது டிரம்ப் எழுந்து வெளியே போனார். தீர்ப்பு வந்த சில நாட்களில், மேல்முறையீட்டுக்கு வேறு வக்கீல் நிறுவனங்களைப் பார்த்துக்கொண்டிருப்பதாக டிரம்ப்பே அறிவித்தார். உங்கள் மாமா படித்தது இந்த இடம் வரைக்கும்தான் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு நடந்தது: முதல் தீர்ப்பை 2024 டிசம்பர் 30 அன்றும், இரண்டாவது தீர்ப்பை 2025 செப்டம்பர் 8 அன்றும் மேல்முறையீட்டுக் கோர்ட் அப்படியே உறுதி செய்தது. ஒரு டாலர் குறையவில்லை. முதல் அப்பீலில் வாதாடிய ஜான் சவர் சாதாரண ஆள் இல்லை. மிசூரி மாநிலத்தின் சொலிசிட்டர் ஜெனரலாக, அதாவது அரசுக்காகக் கோர்ட்டில் வாதாடும் வக்கீலாக இருந்தவர், பிறகு அமெரிக்க அரசுக்கே சொலிசிட்டர் ஜெனரல் ஆனவர்.

ஏன் குறையவில்லை? அப்பீல் கோர்ட் கட்டைத்தான் படிக்கும். புது வக்கீல் எத்தனை பெரியவராக இருந்தாலும், பழைய வக்கீல் விட்டுப்போன காகிதங்களை வைத்துத்தான் பேச வேண்டும். இதற்கும் அந்த வழக்கிலேயே உதாரணம் இருக்கிறது. ஜனாதிபதி பதவியில் இருந்தபோது பேசியதற்கு வழக்குப் போட முடியாது என்ற விலக்குரிமையை டிரம்ப் தரப்பு எழுப்பியது. எப்போது? வழக்குத் தொடங்கி மூன்று ஆண்டு கழித்து. "முதலிலேயே சொல்லாததால் அந்த உரிமையை நீங்களே கைவிட்டுவிட்டீர்கள்" என்று 2023 டிசம்பரில் மேல்முறையீட்டுக் கோர்ட் சொல்லிவிட்டது. சரியோ தவறோ, அந்த வாதத்தை எடைபோட்டுப் பார்க்கவே மறுத்துவிட்டார்கள்.

ஆகவே மாமாவிடம் நான் கேட்பது ஒன்றுதான். வழக்குக்குப் பதிலாக அவர் தரப்பு கோர்ட்டில் கொடுத்த எதிருரையில் என்ன எழுதியிருக்கிறது? "நான் அப்படிப் பேசவே இல்லை" என்றா, "பேசினேன், பேசியது உண்மை" என்றா? யார் வாதாடினாலும் அப்பீலின் தலையெழுத்து அந்த ஒரு பத்தியில் இருக்கிறது. நகலை எடுத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

வக்காலத்து மாற்றுவது பெரிய காரியம் இல்லை. பழையவர் ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கொடுத்தால் புதியவர் தாக்கல் செய்யலாம். கொடுக்க மறுத்தால் கோர்ட்டில் மனுப் போட்டு அனுமதி வாங்கலாம். பீஸ் பாக்கி என்று சொல்லிக் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள எந்த வக்கீலுக்கும் உரிமை கிடையாது. சுப்ரீம் கோர்ட் 2000ஆம் ஆண்டு ஆர்.டி. சக்சேனா வழக்கிலேயே சொல்லிவிட்டது. பாக்கியைத் தனியாக வசூலிக்கட்டும். ஆனால் இதைச் சாக்காக வைத்துப் பாக்கியைக் கொடுக்காமல் விடாதீர்கள். பள்ளித் தோழர் வேறு.

இன்னொன்றும் கேட்கிறேன், கோபப்படாமல் சொல்லுங்கள். தீர்ப்புக்குப் பிறகு மாமா எங்காவது பேசினாரா?

ஒத்தக்கடை ஜூனியர்

குமாஸ்தா ஐயா சொன்னதில் பெரும்பகுதி சரி. ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. மாற்றினால் பலனே இல்லை என்று சொல்லிவிட முடியாது ஐயா. விசாரணை நடத்துவது ஒரு வேலை, அப்பீல் நடத்துவது வேறு வேலை. கூண்டில் சாட்சியை மடக்கத் தெரிந்தவருக்கு அப்பீல் காரணங்களை எழுதத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தொகை அதிகம் என்று மட்டும் வாதாடிப் பாதியாகக் குறைக்க முயலலாம். அந்தச் செல்போன் பதிவுக்கு 65பி சான்றிதழ் (மின்னணுப் பதிவைச் சாட்சியமாக ஏற்கத் தேவையான சான்று) தாக்கல் ஆனதா என்று பார்க்கலாம். ஆனால் பதிவைச் சான்றாவணமாகக் குறித்த நாளில் நம் தரப்பு ஆட்சேபம் சொல்லியிருக்கிறதா என்பதையும் கூடவே பார்க்க வேண்டும். அன்று வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டால் இப்போது எழுப்புவது சிரமம்.

தகவல் உரிமைக் காகிதங்கள் பற்றி: சிவில் நடைமுறைச் சட்டம் 41ஆம் கட்டளை 27ஆம் விதிப்படி அப்பீலில் புது ஆவணம் கொடுக்க மனுப் போடலாம். முழு முயற்சி எடுத்தும் விசாரணையின்போது கிடைக்கவில்லை என்று காட்ட வேண்டும். "அப்போது கேட்கத் தோன்றவில்லை" என்பது காரணம் ஆகாது. மனு எந்தத் தேதியில் போட்டார் என்று முதல் கேள்வியாகக் கேட்பார்கள். வழக்கு நடக்கும்போதே மனுப் போட்டு, அலுவலகம் இழுத்தடித்திருந்தால் நல்லது. தீர்ப்புக்குப் பிறகுதான் போட்டார் என்றால் எனக்கு நம்பிக்கை இல்லை.

இதைவிட அவசரமானது பணம். அப்பீல் போட்டாலே தீர்ப்பு நின்றுவிடும் என்று ஊரில் எல்லோரும் நினைக்கிறார்கள். நிற்காது. தடையாணை தனியாக வாங்க வேண்டும், பண டிக்ரி (பணம் கொடுக்கச் சொல்லும் தீர்ப்பாணை) என்றால் தொகையைக் கட்டச் சொல்வார்கள் அல்லது ஜாமீன் கேட்பார்கள். டிரம்ப்பும் இதற்குத் தப்பவில்லை. 2024 மார்ச்சில் 9 கோடியே 16 லட்சம் டாலருக்கு இன்சூரன்ஸ் நிறுவனத்தின் பத்திரம் கொடுத்த பிறகுதான் வசூல் நின்றது. தீர்ப்புத் தொகையும் அதில் பத்து சதவீதமும் சேர்ந்த கணக்கு அது. நம் நாட்டிலேயே ஓய்வு பெற்ற நீதிபதி பி.பி. சாவந்த் வழக்கு இருக்கிறது. வேறொரு நீதிபதி பற்றிய செய்தியில் அவர் படத்தைத் தவறுதலாகக் காட்டிய டைம்ஸ் நவ் தொலைக்காட்சிக்குப் புணே கோர்ட் 2011இல் 100 கோடி ரூபாய் விதித்தது. அப்பீலுக்குப் போனபோது மும்பை ஹைகோர்ட், 20 கோடியைக் கட்டு, 80 கோடிக்கு வங்கி உத்தரவாதம் கொடு என்றது. சுப்ரீம் கோர்ட் அதில் தலையிடவில்லை. படம் திரையில் இருந்தது சில விநாடிகள்தான்.

கட்டாமல் இழுத்தால் என்ன ஆகும் என்றும் மாமாவுக்குச் சொல்லுங்கள். திரிணாமுல் எம்.பி. சாகேத் கோகலே மீது 2024 ஜூலையில் டெல்லி ஹைகோர்ட் 50 லட்சம் ரூபாய்க்குத் தீர்ப்புச் சொன்னது. கட்டவில்லை. 2025 ஏப்ரலில் எம்.பி. சம்பளத்தைப் பற்றுகை செய்ய, அதாவது பிடித்து வைக்க, உத்தரவு வந்தது.

கால வரம்பை மறக்காதீர்கள். ஹைகோர்ட் அப்பீலுக்கு 90 நாள், மாவட்டக் கோர்ட்டுக்கு 30 நாள். உங்களுடையது எந்தக் கோர்ட்டுக்குப் போக வேண்டும் என்பதைத் தொகையை வைத்து வக்கீல் சொல்வார். தீர்ப்பு வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது என்பதால் இன்றே கேளுங்கள். நகல் வாங்க ஆன நாட்கள் கழியும், நகல் மனுவை நேரத்தில் போட்டிருந்தால்.

கொட்டாம்பட்டி மருமகன்

இருவருக்கும் நன்றி. நேற்று இரவு எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். மாமா நடுவில் எழுந்து போகவில்லை; அதுவே பெரிய விஷயம்.

எதிருரையைப் பார்த்தோம். "பிரதிவாதி மேற்படி கூட்டத்தில் அவ்வாறு பேசவே இல்லை, ஒலிப்பதிவு ஜோடிக்கப்பட்டது" என்று எழுதியிருக்கிறது. பேசியது உண்மை என்ற வார்த்தை எங்கும் இல்லை. யார் அப்படி எழுதச் சொன்னது என்று கேட்டேன். மாமா சொல்லித்தான் வக்கீல் எழுதினாராம். "ஒத்துக்கொண்டால் கட்சியில் கேள்வி வரும்" என்று அப்போது நினைத்தாராம். தகவல் உரிமை மனு தீர்ப்புக்குப் பிறகு போட்டதுதான்.

தீர்ப்புக்குப் பிறகு பேசினாரா என்று குமாஸ்தா ஐயா கேட்டீர்கள். பேசினார். பக்கத்து ஊரில் ஒரு கருமாதி வீட்டில், பந்தலில் உட்கார்ந்துகொண்டு, "கோர்ட் என்ன சொன்னாலும் அவன் திருடன்தான்" என்றார். அங்கேயும் யாரோ செல்போனை நீட்டிக்கொண்டு இருந்தார்கள்.

வாடிப்பட்டி நண்பருக்கு: ஒரு மடை கட்டியிருக்கிறார்கள். இரண்டுக்குப் பில் போட்டதாக மாமா சொல்கிறார். அந்த ஒன்றிலும் பலகை சரியாக இறங்கவில்லை. தண்ணீர் கசிந்துகொண்டுதான் இருக்கிறது.

பழைய குமாஸ்தா

நினைத்தேன். கருமாதிப் பந்தலா! சி.என்.என். அரங்கத்துக்கு மேலூர் வட்டாரத்தில் அதுதான் சரியான இணை. அந்தப் பதிவு ஒப்பந்ததாரரின் வக்கீலிடம் போயிருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவதூறுக்கு வழக்குப் போட ஓர் ஆண்டுக் கெடு. புதுப் பேச்சுக்குக் கெடு புதிதாக ஓடத் தொடங்கும். பாரதிய நியாய சன்ஹிதா என்கிற புதிய குற்றவியல் சட்டத்தின் 356ஆவது பிரிவில் கிரிமினலாகவும் போடலாம், இரண்டு ஆண்டு வரை தண்டனை. அப்பீல் முடியும்வரை அந்த ஒப்பந்ததாரர் பெயரை மாமா எந்தப் பந்தலிலும் உச்சரிக்கக் கூடாது. வக்கீலை மாற்றுவதற்கு முன் செய்ய வேண்டியது இது.

எதிருரை விஷயத்தில் நான் பட்டென்று சொல்லிவிடுகிறேன். அந்தத் தோழர் வக்கீல் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பேசவில்லை என்று கட்சிக்காரர் சாதித்தால் வக்கீல் அதைத்தான் எழுத முடியும். பதிவு வந்து குரல் நிரூபணமான பிறகு, எந்த சீனியரை வைத்தாலும் "பேசினார், ஆனால் உண்மை" என்று தடம் மாற முடியாது. அமெரிக்காவிலும் இதே கூத்து. அந்த அம்மாவைத் தெரியவே தெரியாது, அவர் என் ரசனைக்கு ஏற்றவர் இல்லை என்றார் டிரம்ப். 2022 அக்டோபரில் வாக்குமூலம் எடுக்கும்போது ஒரு பழைய புகைப்படத்தைக் காட்டினார்கள். அதில் இருந்த கேரலைப் பார்த்து, தன்னுடைய முன்னாள் மனைவி மார்லா மேப்பிள்ஸ் என்று சொல்லிவிட்டார். அதை ஜூரிக்குப் போட்டுக் காட்டினார்கள். இதற்கு எந்த வக்கீலைக் குறை சொல்வது?

ஹைகோர்ட்டுக்குப் போவது சுலபம் ஆகிவிட்டதும் ஒரு காரணம். மதுரைக் கிளை 2004 ஜூலை 24 அன்று வருவதற்கு முன், அப்பீல் என்றால் கட்டைப் பெட்டியில் பூட்டிப் பாண்டியன் எக்ஸ்பிரசில் எழும்பூருக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அந்த அலைச்சலுக்கும் செலவுக்கும் பயந்தே எத்தனையோ பேர் ராசிக்கு வந்தார்கள். இப்போது மாட்டுத்தாவணியில் டவுன் பஸ் ஏறினால் யானைமலை தெரிகிற இடத்தில் கோர்ட். கோபம் ஆறுவதற்குள் அப்பீல் நம்பராகிவிடுகிறது.

என் யோசனை இது. தோழரை நீக்க வேண்டாம். அவர் வக்காலத்து அப்படியே இருக்கட்டும். அப்பீலில் வாதாட மட்டும் ஒரு சீனியரை அமர்த்துங்கள். கட்டில் எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பது தோழருக்குத்தான் தெரியும். சாட்சி தடுமாறிய வரி, நீதிபதி குறித்துக்கொள்ளாத ஆட்சேபம், இதையெல்லாம் புதிதாக வருகிறவர் கண்டுபிடிக்கவே மாதக்கணக்கில் ஆகும். சீனியர் தொகையைக் குறைக்க மட்டும் வாதாடட்டும். மடை கதைக்குள் போக வேண்டாம்.

ஒத்தக்கடை ஜூனியர்

ஐயாவின் யோசனைக்கு நான் கைதூக்குகிறேன். எதிருரை அப்படி இருக்கும்போது என் முந்தைய பதிலில் சொன்ன நம்பிக்கையில் தொகைக் குறைப்பு ஒன்றுதான் மிஞ்சுகிறது.

கூடவே ஒரு கணக்கு. தமிழ்நாட்டில் கோர்ட் கட்டணம் 2017 முதல் நூற்றுக்கு 3 ரூபாய். 15 லட்சத்துக்கு அப்பீல் என்றால் 45,000 ரூபாய் கட்ட வேண்டும். ஒப்பந்ததாரரும் வழக்குப் போடும்போது இதே விகிதத்தில் கட்டித்தான் இருப்பார். (மேடையில் "நூறு கோடி கேட்டு நோட்டீஸ்" என்கிற தலைவர்கள் பலர் கோர்ட் வாசல் வரை வராததற்கு இந்தக் கட்டணமும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். நோட்டீசுக்குத் தபால் செலவு மட்டும்தான்.) அப்பீல் நிலுவையில் இருக்கும்போது இரு தரப்பும் சமரசம் ஆனால் கட்டிய கட்டணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும். சமரச மையத்துக்குப் போகாமல் வெளியே பேசி முடித்தாலும் கிடைக்கும் என்று 2021 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. அதுவும் நம் சென்னை ஹைகோர்ட்டிலிருந்து போன வழக்கில். ஒப்பந்ததாரருக்கு மானம்தான் முக்கியம் என்றால், வருத்தக் கடிதமும் ஒரு சிறு தொகையும் போதும் என்று இறங்கி வரலாம். இதை அவரிடம் பேசக்கூடியவர் அந்தத் தோழர் வக்கீல்தான். இரண்டு ஊர்க்காரர்களையும் அவருக்குத் தெரியும்.

கொட்டாம்பட்டி மருமகன்

சீனியர் யோசனைக்கு மாமா சம்மதித்துவிட்டார். தோழர் வக்கீலை நான் போய்ப் பார்த்தேன். நகல் மனுவை அவர் தீர்ப்பு வந்த வாரமே போட்டுவிட்டாராம்; நாங்கள் யாரும் கேட்காமலேயே. சமரசப் பேச்சுக்கு மட்டும் மாமா இன்னும் தலையாட்டவில்லை. வருத்தக் கடிதம் என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இன்னும் ஒரு சந்தேகம். 15 லட்சத்தைப் பணமாகக் கட்ட வழி இல்லை. வீட்டுப் பத்திரத்தை ஜாமீனாகக் கொடுத்துத் தடையாணை வாங்கலாமா?

ஒத்தக்கடை ஜூனியர்

கேட்கலாம். கோர்ட் ஏற்கலாம், ஒரு பகுதியைப் பணமாகக் கட்டு, மிச்சத்துக்குச் சொத்து ஜாமீன் கொடு என்று சொல்லவும் வாய்ப்பு உண்டு. ஆகவே கொஞ்சம் பணத்தைத் தயாராக வைத்திருங்கள். மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, வீட்டு வரி ரசீது எல்லாவற்றையும் சீனியரைப் பார்க்கப் போகும் நாளிலேயே எடுத்துச் செல்லுங்கள். கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ அடமானம் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வீடு யார் பெயரில் இருக்கிறது?

கொட்டாம்பட்டி மருமகன்

மாமியார் பெயரில்.

பழைய குமாஸ்தா

அப்படியென்றால் அவர் ஜாமீன்தாரராக வந்து கையெழுத்துப் போட வேண்டும். அவரிடம் அந்தக் கருமாதி வீட்டுப் பேச்சை யாராவது போட்டுக் காட்டுவதற்கு முன் கேட்டுவிடுங்கள் தம்பி.